எட்டாவது ஆட்டம்

"கமினாகா, உராபே! மூணாம் பலகை!" என்று தொமியே அக்கா குரல் கொடுத்ததும் உராபேக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

இருமிக்கொண்டே அக்காவின் மேஜைக்கு ஓடினார்.

"அக்கா, நான் வேண்டாம்க்கா. இன்னிக்கு அவரோட என்னை மட்டும் போடாதீங்க."

"ஏன், அவர் என்ன கடிச்சா வைப்பாரு?"

"இது அவருக்கு எட்டாவது ஆட்டம்க்கா!"

"எனக்குத் தெரியாதா? இங்க உக்காந்து ஆளப் பாத்து ஆள் போடறது யாரு, நீங்களா நானா? போய் உக்காருங்க."

தொமியே அக்கா சொன்னால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. யொனாகோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், சலவைக் கடை மாடியில் நடக்கும் அந்த ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்க மன்றத்தில் யார் யாரோடு ஆடுவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். மேயரே ஆட வந்தாலும் அக்கா காட்டிய மெத்தையில்தான் உட்கார வேண்டும்.

மன்றத்தின் சட்டமும் எளிமையானதுதான். புதிதாக வருகிறவர் க்யூ என்ற கீழ்த் தகுதிகளில் அடியிலிருந்து ஏறி, மேல் தகுதியில் முதல் டான் ஆவார். அப்புறம் இரண்டாம் டான், மூன்றாம் டான் என்று போய்க்கொண்டே இருக்கலாம். தன் தகுதியில் இருப்பவர்களைத் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தால் ஒரு படி உயர்வு. நடுவில் ஒன்று தோற்றாலும் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் ஒருதடவை ஏறிவிட்டவரை எவ்வளவு தோற்றாலும் யாரும் கீழே இறக்க மாட்டார்கள்.

இந்தக் கடைசி விதியின் புண்ணியத்தில்தான் உராபே முதல் டானாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு குளிர்காலத்தில் ஊரே சளிக் காய்ச்சலில் கிடந்தபோது, மூக்கைச் சிந்திக்கொண்டே ஆடிய எட்டுப் பேரை ஜெயித்து மேலே வந்தவர் அவர். அதற்கப்புறம் அவர் ஜெயித்தால் அது பேச்சாகும். தோற்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கமினாகாவின் கதை வேறு. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர், மன்றத்திலேயே கெட்டிக்கார முதல் டான். இதற்கு முன் மூன்று தடவை வரிசையாக ஏழு ஜெயித்திருக்கிறார். மூன்று தடவையும் எட்டாவதில் குப்புற விழுந்தார். அந்த மூன்று தடவையும் எதிரில் உட்கார்ந்து ஜெயித்துத் தொலைத்த பாவி உராபேதான்.

"இது கணக்குலயே வராதுய்யா" என்று முடிதிருத்துகிற மியோஷி இதைப் பற்றி ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். மன்றத்தின் டான் முறை பழைய பஞ்சாங்கம் என்பது அவர் கட்சி. அதனால் எல்லோருக்கும் தன் கைபேசியில் தனியாகப் புள்ளி போட்டு வைத்திருந்தார். பலசாலியை ஜெயித்தால் நிறையப் புள்ளி, நோஞ்சானை ஜெயித்தால் கொஞ்சம். நோஞ்சானிடம் தோற்றால் கைப்பொருள் பாதி காலி. "என் புள்ளிப்படி கமினாகா மூணாம் டான். உராபே ரெண்டாம் க்யூகூடத் தேற மாட்டாரு. பத்து ஆட்டம் ஆடினா ஒன்பதரை கமினாகாவுக்கு. அந்த அரையப் பிடிச்சிக்கிட்டு இந்த மனுஷன் மூணு தடவை எப்படி ஜெயிச்சாரு?"

"எட்டாவது ஆட்டம்னா கமினாகாவுக்குக் கை நடுங்குது. அவ்வளவுதான்" என்பது மற்றவர்களின் முடிவு.

உராபே மனதில் இது வெறும் கணக்காக இல்லை. கமினாகாவின் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். ஹிரோஷிமாவில் இருக்கும் மகன் ஷூஹே, வீட்டு மாடியில் ஓர் அறையை ஒழித்து, புதுப் பாய் விரித்து, "வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கமினாகா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "வெறுங்கையோட வர மாட்டேன். ரெண்டாம் டான் ஆன அன்னிக்கே கிளம்பிடறேன். இது சத்தியம்."

கொஞ்சமும் தாமதமாகிவிடக்கூடாது என்று, கமினாகா மறுபடி ஏழு ஜெயித்துவிட்டதை மியோஷி போன வாரமே ஷூஹேக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஷூஹே காலையிலேயே காரைப் போட்டுக்கொண்டு வந்து, மேப்பிள் இலை இனிப்புப் பெட்டியை மடியில் வைத்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். காரின் பின்பக்கம் பெட்டி படுக்கை ஏற்றுவதற்காகக் காலியாக இருந்தது. பின்கட்டில் கொண்டாட்டத்துக்கான சிவப்புப் பயறுச் சோறு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை ஒவ்வொரு தடவை வரும்போதும் உராபே ஷூஹேயின் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏனென்றால் கமினாகாவுக்கு உராபே பட்டிருந்த கடன் சாதாரணமானதல்ல. சிமென்ட் கம்பெனி அவரை இந்த ஊருக்குத் தனியாக மாற்றிய புதிதில், மனைவியும் மகளும் ஒசாகாவிலேயே தங்கிவிட்டார்கள். இங்கே அவருக்கு ஒரு முகமும் தெரியாது. கடையில் விற்கும் டப்பாச் சோற்றைத் தின்றுவிட்டுத் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டிருந்தவரை, பஸ் நிறுத்தத்தில் பேச்சுக் கொடுத்து மன்றத்துக்கு இழுத்து வந்தவர் கமினாகா. வந்த முதல் குளிர்காலத்தில் உராபே காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கம்பெனியில் விடுமுறை என்று நினைத்துக்கொண்டார்கள். 'சனிக்கிழமை ஆட்டத்துக்கு வராத ஆள் இல்லையே' என்று கதவைத் தட்டினது கமினாகா ஒருவர்தான். அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி, உப்பில் ஊறிய ப்ளம் பழம் போட்டு ஊட்டிவிட்டார். கமினாகா அண்ணன் மட்டும் அன்று வந்திருக்காவிட்டால் தன்னைப் பெட்டியில் வைத்துத்தான் ஒசாகாவுக்கு அனுப்பியிருப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப்பட்ட மனுஷனை மகன் வீட்டுச் சுகத்துக்குப் போகவிடாமல் மூன்று தடவை மறித்தாயிற்று. அவர் போய்விட்டால் தன் சனிக்கிழமைகள் பாழ்தான். இருந்தாலும் இந்தத் தடவை தோற்றே தீர்வது என்று உராபே முடிவு செய்தார்.

அதிலும் ஒரு சங்கடம். வேண்டுமென்றே தோற்றது தெரிந்தால் கமினாகாவுக்கு அதைவிட அவமானம் இல்லை. தானாகத் தோற்றதுபோல் தோற்க வேண்டும். அதற்கு முன்னால், ஆடாமலே தப்பிக்க முடியுமா என்று பார்த்தார்.

"அண்ணே, வயித்த வலிக்குது" என்றார் மெத்தையில் உட்காரும்போதே.

கமினாகாவின் முகம் மலர்ந்தது, உடனே கவலையானது. பையைத் துழாவி மாத்திரை எடுத்தார். "இந்தா, இதப் போடு. உடம்பவிடவா ஆட்டம் முக்கியம்? இன்னிக்கு நிறுத்திடலாம். அடுத்த மாசம் ஆடலாம். அதுக்கடுத்த மாசம்கூட ஆடலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனசு!" என்று மியோஷி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகன் காரோட வந்து காத்திருக்கான். அப்பகூட எதிராளியோட வயித்தப் பத்திக் கவலப்படறாரு."

உராபே திரும்பி ஷூஹேயைப் பார்த்தார். அவன் முகம் வாடிவிட்டது. தோற்க வந்த இடத்தில் ஆட்டத்தையே நிறுத்தினால் என்ன பிரயோஜனம்?

"போயிடுச்சுண்ணே. வலி போயிடுச்சு" என்றார் அவசரமாக. மாத்திரை இன்னும் கையில்தான் இருந்தது.

கமினாகா ஒரு பெருமூச்சு விட்டார். ஆட்டம் தொடங்கியது.

உராபே முதலில் தன் ராஜாவைக் கையைப் பிடித்து நடுவீதிக்குக் கூட்டிவந்தார். ஷோகியில் ராஜாவை மூலையில் வைத்துச் சுற்றிலும் காவல் போடுவது குழந்தைக்குக்கூடத் தெரியும். இப்படி வந்து நிற்கும் ராஜாவை யாராயிருந்தாலும் நேராக அடித்திருப்பார்கள். கமினாகா நெடுநேரம் யோசித்து, தன் தங்கத் தளபதியை எடுத்து ஒரு வேலையும் இல்லாத ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

நடுக்கம் ஆரம்பித்துவிட்டது என்று உராபே வருந்தினார். சரி, இன்னும் தெளிவாகத் தோற்போம். ஆட்டத்தின் பெரிய காயான தன் தேரை எடுத்து, மூலைவாட்டில் பாயும் கமினாகாவின் கோணக்காய் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தார். இனாம். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கமினாகா அதைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை அரும்பியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பிறகு ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

பின்னால் ஒரு முனகல் எழுந்தது. மற்ற பலகைகளை விட்டுவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சூழ ஆரம்பித்தார்கள்.

"ஏன் எடுக்கல?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"பொறிய்யா, பொறி!" என்றார் மியோஷி. "எடுத்திருந்தா பதினோரு நடையில ஆட்டம் காலி. உராபே இன்னிக்குப் பயங்கரமா ஆடறாரு. அதக் கமினாகா கண்டுபிடிச்சிட்டாரு பாரு!"

அந்தப் பதினோரு நடை என்னவென்று உராபேக்குத் தெரிந்திருந்தால் தவிர்த்திருப்பார். இப்போது வெட்டுப்படாத அந்தத் தேர் நட்ட நடுவில் நின்றது. பின்னால் போனால் நல்ல நடையாகிவிடும், பக்கத்தில் போனாலும் நல்ல நடையாகிவிடும். கொஞ்சமாவது ஆபத்தான இடம் என்றால் எதிரியின் கூடாரம்தான். அங்கே கொண்டுபோய் வைத்தார். அங்கேயும் யாரும் அதைத் தொடவில்லை. எதிரியின் எல்லைக்குள் நுழைந்த தேரைத் திருப்பிப்போட்டால் அது டிராகன் என்ற இன்னும் பலமான காயாகிவிடும். திருப்பாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று பயந்து திருப்பினார்.

"டிராகன்!" என்று கூட்டம் வாயைப் பிளந்தது.

உராபேக்கு அழுகையே வந்துவிட்டது. இனி நேரம்தான் கதி என்று எண்ணி, பலகையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தில் அவருடைய நேரம் தீர்ந்தால் தோல்வி. எதிர்க் கூரையில் ஒரு காக்கை எதையோ கொத்திக்கொண்டிருந்தது. அதை மிகுந்த ஈடுபாட்டோடு கவனித்தார்.

"உராபே" என்று மெதுவாக ஒரு குரல். "நேரம் ஓடுதுப்பா. இன்னும் அரை நிமிஷம்கூட இல்ல."

"ஆமாண்ணே."

"நட வைப்பா."

"யோசிக்கறேண்ணே."

"வச்சிட்டு யோசி!" கமினாகாவின் குரல் கெஞ்சியது.

"எதிராளிக்கு நேரம் ஞாபகப்படுத்தற மனுஷன நான் பாத்ததே இல்ல" என்று மியோஷி தழுதழுத்தார். சுவரோரத்தில் ஷூஹே பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். உராபே வேறு வழியில்லாமல் கைக்கு வந்த காயை நகர்த்தினார். அதுவும் நல்ல நடையாகப் போய்த் தொலைந்தது.

கடைசியாக ஒரே ஒரு வழி இருந்தது. வெட்டிய காயை நம் காயாகத் திரும்பப் பலகையில் வைக்கலாம் என்பது ஷோகியின் அழகு. ஆனால் ஒரே நெட்டு வரிசையில் நம் சிப்பாய் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவது சிப்பாயை வைத்தால் அந்த நொடியே தோல்வி. தொழில்முறை ஆட்டக்காரர்களே எப்போதாவது அசந்து செய்துவிடுகிற பிழை அது. உராபே செய்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இதை முதலிலேயே யோசிக்காமல் போனோமே என்று தன்னைத் திட்டிக்கொண்டார்.

வெட்டிய காய்களை வைக்கும் தட்டிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்தார். ஏற்கெனவே சிப்பாய் நிற்கும் ஐந்தாம் வரிசைக்கு நேராகக் கொண்டுபோனார். காய் பலகையைத் தொட ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது கமினாகா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"உராபே! கண்ணத் திறந்து பாருடா!"

கூட்டம் உறைந்துபோனது. எதிராளிக்கு யோசனை சொல்வது ஒழுங்கே கிடையாது. ஆனால் இரண்டாம் டானுக்கு ஒரு நூல் தூரத்தில் நிற்கிறவர், தானாக வந்து மடியில் விழுந்த வெற்றியைக் கையால் தட்டிவிடுகிறார்! மியோஷி வாய்விட்டு அழுதுவிட்டார். யாரோ கை தட்டினார்கள். தொமியே அக்கா மேஜையிலிருந்து "ஷ்ஷ்!" என்றார்.

"நன்றிண்ணே" என்றார் உராபே. அந்த நன்றி மட்டும் உண்மையாகவே நெஞ்சிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு தோல்வியைக்கூட உருப்படியாகக் கொடுக்கத் தெரியாத தன் கைகளைப் பார்த்து வெட்கப்பட்டார்.

இனி மானம் மரியாதை பார்ப்பதில்லை. வயிற்றுவலி திரும்பிவிட்டது என்று சொல்லி ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான். உராபே முழங்காலைச் சேர்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வலது கையைக் காய்த்தட்டின் மேல் வைத்தார். மூச்சை இழுத்து, குனிந்து வணங்கத் தயாரானார்.

"தோ..." என்று ஆரம்பித்தார்.

"தோத்துட்டேன்!"

கமினாகாவின் நெற்றி பாயில் முட்டியே விட்டது. அரை நொடி முந்திக்கொண்டார். ஷோகியில் வாயால் சொன்ன தோல்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

"எங்கண்ணே தோத்தீங்க? ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கே!" என்று உராபே பதறினார்.

"இல்லப்பா. உன் டிராகன் எந்தப் பக்கம் வந்தாலும் என் ராஜா தப்ப முடியாது. நல்லாப் பாத்துட்டேன்."

மியோஷி பலகையின் மேல் குனிந்து விரல்விட்டு எண்ணினார். "அடப்பாவி, ஆமாய்யா! பதினேழு நடையில மாட்டிக்கறாரு!" பிறகு கைபேசியைத் தட்டிக்கொண்டு நொந்துபோனார். "உராபேக்கு ஒரே ஆட்டத்துல முப்பத்தோரு புள்ளி. என் கணக்கே நாறிப்போச்சு."

சமைத்த சோற்றை வீணாக்கக் கூடாது என்று தொமியே அக்கா எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். சாவு வீடுபோல் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். கமினாகா மட்டும் மூன்றாவது கிண்ணம் வாங்கினார். வருத்தத்தை மறைக்க மனுஷன் எவ்வளவு பாடுபடுகிறார் என்று உராபேக்கு நெஞ்சு பிளந்தது.

"நல்லா இருடா உராபே" என்று முதுகில் தட்டிவிட்டு, கமினாகா மகனிடம் திரும்பினார். "என்னடா செய்யறது, நமக்குக் குடுத்து வைக்கல. ரூம் ஜன்னல மட்டும் அப்பப்பத் திறந்து வை, பாய் பூத்துடப் போகுது."

உராபே ஷூஹேயின் முன்னால் போய், தலை முழங்காலைத் தொடும்படி குனிந்தார். "மன்னிச்சிடு தம்பி. உங்கப்பா எனக்கு உசுரு குடுத்தவரு. நான் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். என்னால தோக்கக்கூட முடியல."

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? அப்பாவுக்குப் பதட்டம்" என்று ஷூஹே பெருமூச்சு விட்டு, இனிப்புப் பெட்டியை அவர் கையில் கொடுத்தான். "நீங்க ஒருத்தர் அவருக்குத் துணையா இருக்கறதே பெரிய நிம்மதி." இதைக் கேட்டு உராபேயின் பாரம் இன்னும் ஏறியது. அண்ணன் அடுத்த சனிக்கிழமையும் வருவார் என்ற நினைப்பில் மனதின் ஒரு மூலை சந்தோஷப்பட்டதை உணர்ந்தபோது, தன்னைப்போல் நன்றிகெட்டவன் உலகத்தில் கிடையாது என்று தோன்றியது.

கார் காலியாகவே ஹிரோஷிமாவுக்குத் திரும்பியது. கமினாகா தெருமுனைவரை நின்று கையாட்டிவிட்டு, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே துறைமுகத்துப் பக்கம் நடந்தார். எல்லோரும் போன பிறகு உராபே இனிப்புப் பெட்டியைத் தொமியே அக்காவின் மேஜையில் வைத்து, இரண்டு கைகளையும் குவித்தார்.

"அக்கா, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவர் எனக்குப் பண்ணினதுக்கு நான் வேற எந்தக் கைம்மாறும் செய்ய முடியாது. அடுத்த தடவ அவர் ஏழு ஜெயிச்சா, எட்டாவதுக்கு என்னைப் போடாதீங்க."

தொமியே அக்கா ஒரு மேப்பிள் இலை இனிப்பைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்கே! 'ஹிரோஷிமா கார் வந்து நிக்குதுக்கா, எட்டாவதுக்கு உராபேயப் போட்டு எப்படியாவது என்னக் காப்பாத்துக்கா'ன்னு காலையில இதே இடத்துல நின்னு கையெடுத்துக் கும்பிட்டதே அவர்தானே!"